துண்டு ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தவள்

ஹோ-லுன் ஊரில் ஷி லீ-யூன் கடைக்குத் தலை கழுவிக்கொள்ளப் போகிறவர்கள் தலையை மட்டும் கழுவிக்கொண்டு திரும்பியதில்லை. கூடவே ஒரு கொலைகாரனையும் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். கண்ணாடிக்கு மேலே டி.வி. ஒன்று மாட்டி வைத்திருந்தாள். மத்தியானம் தொடங்கி விளக்கு வைக்கும்வரை அதில் வழக்குப் பேச்சுதான். தாய்பேயில் யாரோ யாரையோ கொன்றுவிட்டதாகச் சொல்லி, கோட்டுப் போட்ட ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அடித்துக்கொள்வார்கள். இங்கே லீ-யூன் நுரை வழியும் கையை அப்படியே நிறுத்திவிட்டு டி.வி.யைப் பார்ப்பாள்.

"இவன்தான். அழறான் பாரு, மூக்கு ஒழுகலை. நெசமா அழறவனுக்கு மூக்குதான் மொதல்ல ஒழுகும்."

"பொண்டாட்டி காணாமப் போன மறுநாளே நூடுல்ஸ் வாங்கித் தின்னிருக்கானாமே அக்கா," என்பாள் நாற்காலியில் இருப்பவள்.

"தின்னானா? அப்ப சந்தேகமே வேண்டாம்."

அழுதால் நடிப்பு, அழாவிட்டால் கல் நெஞ்சு. வக்கீல் வைத்தால் உள்ளே ஏதோ இருக்கிறது, வைக்காவிட்டால் திமிர். லீ-யூன் கோர்ட்டில் யாரும் தப்பித்ததே கிடையாது. அவள் சொன்னதையே நிஜ கோர்ட்டும் சொல்லிவிட்டால் அன்று வருகிற தலைகளுக்கெல்லாம் கழுத்துப் பிடித்துவிடுவது இலவசம்.

கெட்டிக்காரி, சும்மா சொல்லக் கூடாது. சிப்பி உடைக்கிற குடும்பத்தில் பிறந்தவள். அந்த வேலையும் அந்த வாடையும் பிடிக்காமல் வயசுக்கு வந்த கையோடு சாங்ஹுவா டவுனுக்கு ஓடிப்போய், ஒரு முடிக்கடையில் தரை பெருக்கி, துண்டு துவைத்து, திட்டு வாங்கித் தொழில் படித்துக்கொண்டு வந்தாள். வந்ததும் ஹுவாங் சிங்-ஃபாவைக் கட்டிக்கொண்டாள். சிங்-ஃபா பார்க்க நன்றாக இருப்பான், பாடுவான், அவ்வளவுதான். வேலை என்று அவன் செய்தது கடையில் ஒரு நாற்காலியை அடைத்துக்கொண்டு பேப்பர் படித்தது. ஒருநாள் தாய்ச்சுங்கில் கரோக்கே பாட்டுக்கடை நடத்தின ஒருத்தியோடு போய்விட்டான். லீ-யூன் அன்றைக்கும் கடையைச் சாத்தவில்லை. "போகட்டும், ஒரு நாற்காலி மிச்சம்" என்று சொல்லிவிட்டு அதைத் துடைத்து வாடிக்கைக்காரியை உட்கார வைத்தாள். ராத்திரி அழுதாளோ என்னவோ, அது வேறு விஷயம்.

எதிர்ச்சாரியில் மீன் உருண்டைக் கடை ஆ-லுவான். இருவருக்கும் ஒரே வயசு, படித்தது ஒரே பள்ளிக்கூடம். பேச்சுவார்த்தை உண்டு, ஆனால் நல்ல வார்த்தை கிடையாது. ஆ-லுவான் மீன் அரைத்து உருட்டும்போது கை உருட்டிக்கொண்டே இருக்கும், கண் எதிர்க்கடையில் இருக்கும். யார் வந்தார்கள், யாருக்குச் சாயம், யார் கடன் சொல்லிவிட்டுப் போனார்கள் என்று லீ-யூனுக்கே மறந்துபோனாலும் ஆ-லுவானுக்குத் தெரியும்.

"கண்ணை எடுத்து உன் சட்டியில போடுடி, உருண்டை கருகுது" என்பாள் லீ-யூன் தெருவைத் தாண்டி.

"என் உருண்டை தண்ணியில வேகுது, கருகாது. உன் வயித்தெரிச்சலைப் பாத்துக்க" என்பாள் அவள்.

இப்படியே போயிருந்தால் ஒன்றுமில்லை. போன சிங்-ஃபா திரும்பி வந்தான். பாட்டுக்காரி துரத்திவிட்டாள் போல. பாதி முடி கொட்டி, ஒரு பையோடு கடை வாசலில் வந்து நின்று, "லீ-யூன், எனக்கும் ஒரு தலை கழுவி விடேன்" என்றான். அவள் கையிலிருந்த தண்ணீர் வாளியை அப்படியே அவன்மேல் கவிழ்த்தாள். தெருவே பார்த்தது. அதோடு விட்டானா? ஊர்க்கோடியில் ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொண்டு தினமும் வந்து நின்றான். ஒருநாள் அவள் முடி வெட்டும் கத்தரிக்கோலைத் தூக்கிக் காட்டி, "இன்னொரு தடவை இந்தப் படியில கால் வெச்சே, அந்தக் கால் உனக்கு இருக்காது" என்றாள். அதையும் தெருவே கேட்டது.

இதற்கிடையில் கோயில் பக்கத்துச் சந்தில் ஒருவர் தூக்குப் போட்டுக்கொண்டார். எங்கள் கடலோரத்தில் அப்படி நடந்துவிட்டால் அந்தக் கயிறு ஊரில் இருக்கக் கூடாது. இருட்டின பிறகு கோயில்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு, பேயோட்டி வேடம் கட்டியவர் ஆட, வெடியும் சேகண்டியுமாக, வழியெல்லாம் உப்பும் அரிசியும் எறிந்துகொண்டு, கடலுக்குக் கொண்டுபோய் எரித்துவிட்டு வருவார்கள். அந்தக் காரியத்துக்கு யாரும் வாயால் பெயர் சொல்வதில்லை. "இன்னிக்கு அனுப்பறாங்க" என்றால் போதும். வழியிலுள்ள வீடெல்லாம் ஷட்டரை இறக்கி, மந்திரத்தாள் ஒட்டி, விளக்கை அணைத்துவிடும். வெளியே துணி காயக் கூடாது. எட்டிப் பார்க்கவே கூடாது, பார்த்தவனோடு அது கூடவே வந்துவிடும். தப்பித் தவறி வழியில் அகப்பட்டவன் திரும்பி வீட்டுக்குள் போகக் கூடாது, கூட்டத்தோடு கடல்வரை போய்த்தான் தீர வேண்டும்.

அன்று அனுப்பினார்கள். மறுநாள் காலை கடல் அணையோரம், சிப்பி ஓட்டுக் குவியலுக்குப் பின்னால், தலை உடைந்து சிங்-ஃபா செத்துக் கிடந்தான்.

சேதி வந்தபோது லீ-யூன் கோயில் தலைவரின் மனைவிக்குத் தலை கழுவிக்கொண்டிருந்தாள். கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு, பாதி நுரையோடு ஒரு தலையை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று, அலசித் துடைத்துக் காயவைத்து அனுப்பிவிட்டுத்தான் கிளம்பினாள். அணையில் போய் அவனைப் பார்த்தாள். "கடைசியில ஒரு எடத்துல நின்னுட்டான்" என்றாள். அழவில்லை. அழுகை வரவில்லை, அவளைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்?

வட்டாரப் போலீஸிலிருந்து லியாவ் என்கிற இன்ஸ்பெக்டர் வந்தார். நிதானமான ஆள், வெற்றிலைப்பாக்கு மென்றுகொண்டே கேட்பார்.

"நேத்து அனுப்பற நேரத்துல நீங்க எங்கம்மா இருந்தீங்க?"

"உள்ளதான் சார். எல்லாரையும் போல ஷட்டரை எறக்கிட்டு."

அது பொய். அந்தப் பொய்யைத்தான் அவள் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் எங்கள் ஊரில் எவளாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். நடந்தது என்னவென்றால், கடை வாசலில் துண்டு காயப்போடும் ஸ்டாண்டை உள்ளே இழுக்க அவள் மறந்துவிட்டாள். சேகண்டிச் சத்தம் கிட்டே வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. உள் விளக்கைப் போட்டு, ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, குனிந்து வெளியே வந்து ஸ்டாண்டில் கை வைத்தாள். அதற்குள் விளக்குப் பிடித்த ஆள் தெருமுனை திரும்பிவிட்டார். உள்ளே போகக் கூடாது. கூடப் போகத் தைரியமில்லை. ஒரு துண்டை உருவித் தலையில் போட்டுக்கொண்டு துண்டுகளுக்குப் பின்னால் குந்தினவள்தான், அவர்கள் கடலுக்குப் போய்த் திரும்பி வரும்வரை அசையவேயில்லை. இதை வெளியே சொன்னால் என்ன ஆகும்? அனுப்பின அன்று தெருவில் நின்ற துண்டால் இனி எவள் தலை துவட்டிக்கொள்வாள்? கடையை மூடிவிட்டுச் சிப்பி உடைக்கத்தான் போக வேண்டும்.

ஆனால் மூலையிலிருந்த பெட்டிக்கடையின் கேமராவில், அவள் வாசல் தெரியாவிட்டாலும், ஷட்டர் அடியிலிருந்து தெருவில் வெளிச்சம் விழுந்திருந்தது. ஷட்டர் திறந்திருந்தது. லீ-யூன் பொய் சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான், அன்று மத்தியானமே டி.வி.க்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள்.

அதுவரை ஐந்து பேரும் பேசினதை அவள் கேட்டாள், இப்போது அவளைப் பற்றிப் பேசினார்கள். புருஷன் செத்த சேதி வந்தும் தலை கழுவினாளாம், எப்பேர்ப்பட்ட நெஞ்சழுத்தம். வாளியைக் கவிழ்த்தாள், கத்தரிக்கோலைக் காட்டினாள், காரணம் வேறு வேண்டுமா. கடையோரச் சாக்கடையில் செம்பழுப்பாய் ஏதோ ஓடியிருந்தது. போலீஸ் சோதித்துப் பார்த்து முடிச்சாயம் என்றது. ரத்தத்தை மறைக்கத்தான் சாயத்தை ஊற்றினாள் என்றார் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர். முகம் பார்த்துக் குணம் சொல்கிறவர் அவள் போட்டோவைப் பெரிதாக்கி, அந்தப் புருவம் புருஷனை விழுங்கும் புருவம் என்றார். கடைசியாக அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தியை முகத்தைக் கலைத்துக் காட்டினார்கள். முகம் கலைந்திருந்தால் என்ன, ரப்பர் பூட்ஸும் மீன் செதில் ஒட்டின ஏப்ரனும் கலையவில்லையே.

"எனக்கு அப்பவே ஒரு மாதிரிதான் இருந்துச்சு. அவ பார்வையே சரியில்ல" என்றாள் அந்தப் பெண்.

லீ-யூன் காலியான கடையில் தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள். ஆ-லுவான் சொன்னது நெஞ்சில் நேராகப் போய்த் தைத்தது. இத்தனை வருஷம் சண்டை போட்டவள்தான், இருந்தாலும் இதைச் சொல்வாள் என்று நினைக்கவில்லை. "இவங்க சொல்றதைக் கேட்டா எனக்கே இவ மேல சந்தேகமா இருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு டி.வி.யை அணைத்தாள். பயம் அப்போதுதான் வந்தது. இந்த வேலை எப்படி நடக்கும், எங்கே போய் முடியும் என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

மறுநாள் போய் இன்ஸ்பெக்டரிடம் உள்ளதைச் சொன்னாள். அது இன்னும் கெடுத்தது. லியாவ் தாடையைத் தடவினார். "வெளிய இருந்தேன்கறீங்க. வழியில மாட்டிக்கிட்டா கடல்வரைக்கும் கூடப் போகணும்னு இந்த ஊர்க் கொழந்தைக்குக் கூடத் தெரியும். கடலோரத்துலதான் அவன் செத்துக் கெடந்தான்."

"நான் போகலை சார். குந்தியிருந்தேன்."

"யாராவது பாத்தாங்களா?"

அதுதான் கேள்வி. சிங்-ஃபா அணைமேல் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தபோது பேச்சு பாதியில் அறுந்திருக்கிறது. ஊர்வலம் எங்கள் தெருவைத் தாண்டிக் கடல் பக்கம் போயிருந்த நேரம் அது. அந்த நேரத்தில் அவளை வாசலில் பார்த்ததாக ஒரு ஆள் சொன்னால் போதும். லீ-யூன் வீடு வீடாக ஏறி இறங்கினாள். கடவுளுக்கு எரிக்கிற தங்கத்தாள் விற்கிற வெங் கும்பிடாத குறையாகக் கையை விரித்தார்.

"என் கடைக் கேமராவோட கண்ணு மேலயே மந்திரத்தாள் ஒட்டினவன் நானு. என் கண்ணைத் திறந்து வெப்பேனா?"

கோயில் தலைவரின் மனைவி, "நான் போர்வைக்குள்ள இருந்தேம்மா" என்றாள். ஆ-லுவான் மட்டும் உருண்டை உருட்டிக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. தெருவில் ஒரு ஷட்டர் பாக்கியில்லாமல் ஓட்டை இருக்கிறது, ஒரு கண் கூடப் பார்க்கவில்லையாம். லீ-யூனுக்குக் கோபம் தலைக்கேறியது. அவளை அடைக்கச் சொல்லி அன்று சாயங்காலமே கோர்ட்டில் கேட்கப் போகிறார்கள். அதற்கு முன்னால், நடந்ததை நடந்த இடத்திலேயே செய்து காட்டச் சொல்லி லியாவ் அவளைத் தெருவுக்கு அழைத்து வந்தார்.

நல்ல வெயில். மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். நாடாவுக்கு அப்பால் டி.வி. கேமராக்கள், அவற்றுக்குப் பின்னால் ஊர் முழுக்க. கடையைச் சாத்திவிட்டு வந்தவர்கள், முறுக்கிய கேசத்தோடு வந்தவர்கள், கோயில் தலைவர் மனைவியோடு, வெங் நாற்காலி போட்டுக்கொண்டு. ஏப்ரனோடு ஆ-லுவான். டி.வி.க்காரப் பெண் மைக்கில் மெல்லிய குரலில், "சந்தேகத்துக்குரியவர் எந்த உணர்ச்சியும் காட்டவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

லீ-யூன் கூட்டத்தை ஒருதரம் பார்த்தாள். எல்லாம் அவள் கழுவின தலைகள். ஒவ்வொன்றின் உச்சி வகிடும் அவளுக்குத் தெரியும். அந்தத் தலைகளிடம் சேதி பிடுங்குவதும் அவளுக்கு வராத வித்தையா? என்ன நடந்தது என்று நேராகக் கேட்டால் எவளும் வாயைத் திறக்க மாட்டாள். தப்பாகச் சொன்னால் போதும், நுரையோடு எழுந்து நின்று திருத்துவாள்.

"ஆரம்பிக்கலாமாம்மா?" என்றார் லியாவ்.

"ஆரம்பிக்கலாம் சார்" என்றாள். ஸ்டாண்டின் இடது பக்கமாகப் போனாள். ஒரு வெள்ளைத் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து நின்றாள். "இப்படித்தான் நின்னுட்டு இருந்தேன். வேடக்காரர் வந்தார். இந்த எடத்துல நிக்கவே இல்ல, நேரா நடந்து போயிட்டார்."

கூட்டத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். வெங்கின் நாற்காலி கிறீச்சிட்டது.

"சாமிக்கு ஒரு சுத்து கூட ஆடலை" என்று லீ-யூன் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். "கால் சுளுக்கோ என்னமோ. சும்மா நடந்து போனார், மாட்டை ஓட்டிட்டுப் போற மாதிரி."

"நடந்தாரா?" என்று எழுந்தேவிட்டார் வெங். "என் கடை வாசல்ல மூணு சுத்து ஆடினாரு. மூணாவது சுத்துல கத்தியை எப்படி வீசினாருங்கறே. நடந்தாராம். வேடம் கட்டினது என் தங்கச்சி புருஷன், அவனுக்குச் சுளுக்காம்."

சொன்ன பிறகுதான் அவருக்குத் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். தெருவே அவரைப் பார்த்தது. லியாவ் மெல்வதை நிறுத்தினார்.

"அப்ப லீ-யூன் அம்மா எங்க நின்னாங்க?" என்று ரொம்ப மிருதுவாகக் கேட்டார்.

வெங் தரையைப் பார்த்தார். "நிக்கலை. வலது பக்கமா குந்தியிருந்தா."

"வெள்ளைத் துண்டா?"

"வெள்ளையா? மஞ்சள்" என்று பின்னாலிருந்து இன்னொருத்தி. "தலைக்கு மேல போட்டிருந்தா. தோள்ல எங்க போட்டா?"

"உப்பும் அரிசியும் எறிஞ்சப்ப அவ முதுகுல பட்டு ஒரு குதி குதிச்சா பாரு, நான் செத்தே போயிட்டேன்னு நெனச்சேன்" என்றாள் கோயில் தலைவரின் மனைவி, பக்கத்திலிருந்தவளிடம், தெரு முழுக்கக் கேட்கிற குரலில்.

கோயில் தலைவர் மெதுவாகத் திரும்பினார். "நீ போர்வைக்குள்ள இல்ல இருந்தே?"

"நீங்கதானே முன்னாடி வெளக்குப் பிடிச்சுட்டுப் போனீங்க? உங்களுக்கு முட்டி சரியில்ல. வழுக்கி விழுந்தா யார் தூக்கறதுன்னு பாத்தேன்."

அப்புறம் யாரைப் பிடித்து நிறுத்துவது? அணை உடைந்த மாதிரிதான். ஒருத்தன் ஸ்டாண்டு இருந்த இடமே சரியில்லை என்று நாடாவைத் தாண்டி வந்து இழுத்து வைத்தான். அவள் குந்தினபோது பின்பக்கம் எந்தத் திசையில் இருந்தது என்பதில் இரண்டு பேருக்குள் சண்டையே வந்துவிட்டது. டி.வி.க்காரப் பெண் மைக்கை யார் வாயில் வைப்பது என்று தெரியாமல் சுற்றினாள். லீ-யூன் நடுவில் வெள்ளைத் துண்டோடு நின்றாள். வாய் தானாகச் சிரித்தது, கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, மூக்கும் ஒழுகியது. துண்டால் துடைத்துக்கொண்டாள்.

லியாவ் கையைத் தூக்கினார். "சரி. ஆளுக்குக் கொஞ்சம் பாத்திருக்கீங்க. எல்லாம் ஊர்வலம் தெருவுல இருந்தப்ப. எனக்கு வேண்டியது அதுக்கப்புறம். அவங்க கடலுக்குப் போனதுலேர்ந்து திரும்பி வர்ற வரைக்கும். அப்ப பாத்தது யாரு?"

சத்தம் அடங்கிவிட்டது. வெடிப் புகை மூடிவிட்டது என்றார் வெங். அதற்குமேல் பார்க்கப் பயமாக இருந்தது, கண்ணை மூடிக்கொண்டேன் என்றாள் தலைவரின் மனைவி. போகிறபோது பார்த்தாலே தோஷம், அது கடலில் எரிகிற நேரத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் குடும்பத்துக்கே ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். லீ-யூன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அந்த நேரத்துக்கு ஆள் இல்லாவிட்டால் இத்தனையும் வீண். புகை மறைத்ததும் எழுந்து ஓடினாள் என்று ஐந்து பேரும் இன்று மத்தியானமே சொல்லிவிடுவார்கள்.

"நான் பாத்தேன்."

ஆ-லுவான்தான். கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் பாத்தேன். ஷட்டர்ல நடு ஓட்டை வழியா. புகை வந்துச்சு, போச்சு. இவ அசையல. ஒரு தடவை கால் மரத்துப்போய் இந்தக் காலை மாத்தினா. ஒரு தடவை துண்டுக்குள்ளயே தும்மினா. அவங்க திரும்பி வந்து கோயிலுக்குப் போன பொறவுதான் எந்திரிச்சா, எந்திரிக்க முடியாம தவழ்ந்து உள்ள போனா. எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன்."

"கண்ணை மூடவே இல்லையா?" என்றார் லியாவ்.

"மூடலை."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருந்துச்சு" என்றாள் ஆ-லுவான் எரிச்சலாக. "ஆனா இவ அந்தத் துண்டுக்குப் பின்னாடி என்ன பண்றான்னு பாக்காம நான் எப்படிப் போய்ப் படுக்கறது?"

லியாவ் அங்கேயே, வெங்கின் மேசையில் வைத்து வாக்குமூலம் எழுதினார். வெங் தொடங்கி ஒவ்வொருவராக வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். யார் முதலில் பார்த்தது என்று அதிலும் தகராறு. சாயங்காலம் கோர்ட்டுக்குப் போக இருந்த மனு போகாமலே நின்றது. போலீஸ் அணைப் பக்கம் தேட ஆரம்பித்ததும், விளக்கில்லாத சிப்பி வண்டியால் சிங்-ஃபாவை இடித்துவிட்டுப் பயந்து ஓடின பக்கத்து ஊர்க்காரன் அந்த வாரமே தானாக வந்து சரணடைந்தான். டி.வி.யில் ஐந்து பேரும் அதே மேசையில் உட்கார்ந்து, இந்தப் பெண்மேல் தங்களுக்குத் தொடக்கத்திலிருந்தே சந்தேகமில்லை என்றார்கள். புருவக்காரர், அது பழி வந்தாலும் ஜெயித்து மீளும் புருவம் என்றார்.

கையெழுத்துப் போட்ட அன்றே ஊரில் நடந்ததுதான் பெரிய வேடிக்கை. பார்த்தவர்கள் எல்லாரும் தீச்சட்டி தாண்டித் தோஷம் கழிக்க வேண்டும் என்று கோயில் தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கோயில் முற்றத்தில் சட்டி வைத்தார்கள். பட்டப்பகலில், எவனோ வெடியைக் கொளுத்திப்போட, வரிசை கோயில் வாசல் தாண்டி, சந்தை தாண்டி, பள்ளிக்கூட மதில்வரை போயிற்று. பார்க்காதவர் என்று ஒரே ஒருவர்தான் தேறினார், அவருக்கும் கண்புரை. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, இடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லாருக்கும் முதலில், மாலை போடாத குறையாக, லீ-யூனை நிறுத்தினார்கள். அவள் சட்டியை ஒரே தாண்டாகத் தாண்டினாள். கூட்டம் கைதட்டியது.

அடுத்தது ஆ-லுவான். தாண்டிவிட்டு ஏப்ரனை உதறிக்கொண்டு நின்றவள் முன்னால் லீ-யூன் போய் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏண்டி, நான் அசையலைன்னு உனக்கு மொத நாள்லேர்ந்தே தெரியும்."

"தெரியும்."

"அப்பறம் எதுக்குடி டி.வி.யில போய், அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சுன்னு சொன்னே?"

"அவ பண்ணலைன்னு சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்கல்ல?" ஆ-லுவான் குரல் இறங்கிவிட்டது. "நான் உருட்டின உருண்டையை அப்பறம் எவன் வாங்கித் திம்பான்? மூணு நாளா சோறு எறங்கலைடி."

லீ-யூன் அவளை மேலும் கீழும் பார்த்தாள். அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"இப்பவே வந்து கடையில உக்காரு" என்றாள். "உன் தலையைக் கழுவணும். தண்ணி கொதிக்கக் கொதிக்கத்தான் ஊத்துவேன்."

"ஊத்து."

"தொவட்டறது அந்த மஞ்சள் துண்டாலதான். வாசல்ல உக்கார வெச்சு, ஊரே பாக்கத் தொவட்டுவேன். அப்பத்தான் மத்தவளுங்க வருவாளுங்க."

வரிசை முழுக்க ஆ-லுவானைப் பார்த்தது. அவள் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, மீன் வாடை அடிக்கும் கூந்தலைத் தோளில் தள்ளிவிட்டுக்கொண்டு, லீ-யூன் கடையைப் பார்த்து முன்னால் நடந்தாள்.

"நல்லா அழுத்தித் தொவட்டு" என்றாள். "டி.வி.க்காரப் பொண்ணு இன்னும் போகலை, அவளையும் கூப்பிடு."